ஆமை புகுந்த கதை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஒரு பழமொழி இருக்கிறது. அமீனாவைப் பற்றி எனக்கு அபிப்பிராய பேதம் ஒன்றும் இல்லை. ஜப்தி உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர் எவ்வளவு நல்ல மனிதராயிருந்தாலும் அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுக்கத் தோன்றாதுதான். ஆனால் ஆமை என்ன பாவம் செய்தது? தன் வீட்டைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு போகிற பிராணி அது. இன்னொருவர் வீட்டில் புகவேண்டிய அவசியம் சகல ஜீவராசிகளிலும் அதற்குத்தான் மிகக் குறைவு.

கதைகளிலாவது அதற்கு நியாயம் கிடைத்ததா என்று பார்த்தால், அங்கேயும் இல்லை. நம் எல்லோருக்கும் தெரிந்த ஆமைக் கதைகள் இரண்டு. ஒன்று, முயலோடு ஓட்டப் பந்தயம் ஓடி ஜெயித்த ஆமை. மற்றொன்று, இரண்டு பறவைகள் கவ்விக்கொண்டு பறந்த குச்சியின் நடுவில் வாயால் தொங்கிக்கொண்டு ஆகாய யாத்திரை போன ஆமை. கீழே நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்குப் பதில் சொல்வதற்காக அது வாயைத் திறந்தது, விழுந்து செத்தது. முதல் கதை நிதானத்தைப் போதிக்கிறது. இரண்டாவது, வாயை மூடிக்கொண்டிரு என்கிறது. இரண்டும் நல்ல புத்திமதிகள்தாம். ஆனால் ஆமை எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது, அதன் குஞ்சுக்கு யார் துணை என்று அந்தக் கதைகளிலிருந்து எந்தக் குழந்தையும் தெரிந்துகொள்ள முடியாது. வள்ளுவரும் புலனடக்கத்துக்கு உவமையாகவே அதை அழைத்தார். ஆமையை நாம் உதாரணமாக உபயோகித்திருக்கிறோம். ஆமையாகப் பார்த்தது குறைவு.

இதையெல்லாம் நான் யோசிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு பத்திரிகாசிரியர். குழந்தைகள் மலர் ஒன்று போடப் போவதாகவும், அதற்குப் பிராணிகளை வைத்து ஒரு சாகசக் கதை வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். கதையில் சுற்றுச்சூழல் கருத்து கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு வில்லன் இருப்பது நலம். முடிவு சுபமாக இருக்கட்டும். ஆயிரத்தைந்நூறு வார்த்தைக்கு மேல் போகவேண்டாம். கல்யாணச் சமையற்காரரிடம் கொடுக்கும் மளிகை ஜாபிதா மாதிரி அந்தக் கடிதம் இருந்தது. நானும் நாற்பது வருஷமாகப் பெரியவர்களுக்குக் கதை எழுதி வருகிறவன். அவர்கள் யாரும் இவ்வளவு திட்டவட்டமாக எதையும் கேட்டதில்லை.

இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு ஓர் ஆலோசகி உண்டு. அடையாற்றில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். வயது பத்து. புலி, யானை, கரடி என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, "ஆமை" என்றாள்.

அவள் ஆமை என்றதற்குக் காரணம் இருந்தது. 2025ஆம் வருஷம் ஜனவரி மாதம் சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரைகளிலும் செத்த கடலாமைகள் கரை ஒதுங்கின. ஆயிரத்துக்கும் மேல் என்று செய்திகள் கூறின. அந்த நாட்களில் ஒருநாள் காலை அவள் தன் தகப்பனாரோடு பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போயிருக்கிறாள். அவள் எண்ணியது ஏழு. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லையாம். மூன்றாம் நாள் பேச ஆரம்பித்தவள் இன்றுவரை நிறுத்தவில்லை.

"கதையிலே ஆமை செத்துப்போகுமா, தாத்தா?" என்று கேட்டாள்.

"ஏன், சாகக் கூடாதா?"

"சாகல்லேன்னு எழுதினா அது பொய். செத்துப்போச்சுன்னு எழுதினா நான் படிக்க மாட்டேன்."

நாவலாசிரியர்களும் விமரிசகர்களும் மாநாடு கூட்டி இரண்டு நாள் விவாதிக்கிற பிரச்னையை இரண்டு வாக்கியத்தில் அவள் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பத்திரிகாசிரியரின் ஜாபிதாவைக் காட்டிலும் இதுதான் எனக்குப் பெரிய நிபந்தனையாகத் தோன்றிற்று.

பிராணிக் கதை நமக்குப் புதிது அல்ல. 1826ஆம் வருஷமே சென்னையில் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதையை மராத்தியிலிருந்து தமிழ் வசனமாக்கிவிட்டார். தமிழ் உரைநடைக்கே அது ஒரு பாலபாடமாக இருந்தது. பிறகு 1947இல் சென்னையிலிருந்து 'அம்புலிமாமா' வந்தது. கலைமகள் காரியாலயத்திலிருந்து ஆர்வி 'கண்ணன்' பத்திரிகையை நடத்தினார். பாங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அழ. வள்ளியப்பா குழந்தைகளுக்குப் பாடிக்கொண்டிருந்தார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தோற்றுவித்தார். 1972இல் 'கோகுலம்' பிறந்தது. வாண்டுமாமா எழுதிக் குவித்தார். இந்தப் பட்டியலில் வரும் சிங்கங்களையும் நரிகளையும் கணக்கெடுத்தால் ஒரு மாகாணத்தையே நிரப்பிவிடலாம்.

ஆனால் அந்தச் சிங்கங்கள் பெரும்பாலும் ராஜாக்கள், நரிகள் மந்திரிகள். பஞ்சதந்திரம் அரசகுமாரர்களுக்கு அரசியல் சொல்லிக் கொடுக்க ஏற்பட்ட நூல். அதில் வரும் காளை மாடும் சிங்கமும் சிநேகமாயிருந்து பிரிந்ததைப் படிக்கும்போது நாம் நினைத்துக்கொள்வது காட்டை அல்ல, காரியாலயத்தை. மேலதிகாரியின் காதில் ஓதுகிற நரியை நம்மில் தெரியாதவர் யார்? அந்தக் கதைகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவை மனிதர்களைப் பற்றிய கதைகள். தோலும் வாலும் இரவல். அவ்வளவுதான்.

மேல்நாட்டிலும் வெகுகாலம் இப்படித்தான் இருந்தது. 1894இல் கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' வெளியாயிற்று. அதில் ஓநாயும் கரடியும் பேசினாலும், பிராணிகளின் பசி, பயம், வேட்டை எல்லாம் ஓரளவு உண்மையாக வந்தன. அப்புறம் நம்மவர் ஒருவரே ஒரு காரியம் செய்தார். வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய் வாழ்ந்த தன கோபால் முகர்ஜி, கல்கத்தாவில் வளர்ந்த ஒரு புறாவின் சரித்திரத்தை 'கே-நெக்' என்ற பெயரில் 1927இல் இங்கிலீஷில் எழுதினார். முதல் மகா யுத்தத்தில் செய்தி கொண்டுபோன புறா அது. அமெரிக்காவில் குழந்தை இலக்கியத்துக்குக் கொடுக்கும் நியூபெரி பரிசு 1928இல் அந்த நூலுக்குக் கிடைத்தது. ஒரு புறா புறாவாகவே இருந்துகொண்டு கதாநாயகனாக முடியும் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி.

தமிழில் அப்படிப் பார்க்கக் கூடிய கண் யாருக்கு இருந்தது என்று யோசித்தால், எனக்கு மயிலாப்பூர் நினைவு வருகிறது. அங்கே வாழ்ந்த மா. கிருஷ்ணன் தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவரான அ. மாதவையாவின் புதல்வர். 1912இல் பிறந்தவர். தகப்பனார் 'பத்மாவதி சரித்திர'த்தில் மனுஷ்யர்களைக் கூர்ந்து பார்த்தார் என்றால், பிள்ளை யானையையும் காக்கையையும் அணிலையும் அதே கூர்மையோடு பார்த்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950இல் அவர் ஆரம்பித்த 'கண்ட்ரி நோட்புக்' என்ற பகுதி நாற்பத்தாறு வருஷம் வந்தது. 1996 பிப்ரவரி 18ஆம் தேதி அவர் காலமானார். அன்றைய பத்திரிகையிலும் அவர் கட்டுரை இருந்தது! தமிழிலும் அவர் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். பேத்திக்காக அவர் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்த மிருகப் பாட்டுக்கள் அவர் மறைந்து இருபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு, 2021இல், புத்தகமாக வந்தன.

காடு என்றால் முதுமலைக்கோ முண்டந்துறைக்கோ போய்த்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை என்று கிருஷ்ணன் காட்டினார். நகரத்து வீட்டுக் கொல்லையிலும் பிராணிகள் தங்கள் காரியங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. இதை மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். அவர்கள் ஊரின் பெயரே ஒரு பட்சியின் பெயர். அம்பாள் மயிலாக வந்து புன்னை மரத்தடியில் பூஜை செய்த தலம் அது. கபாலீசுவரர் கோயிலின் ஸ்தல புராணத்தில் ஒரு பறவையும் உண்டு, ஒரு மரமும் உண்டு. கிண்டியில் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு ஒன்று நகரத்தின் நடு மத்தியில் இருக்கிறது. 1978இல் தேசியப் பூங்கா ஆயிற்று. அங்கே வெளிமான்கள் திரிகின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. மாம்பலத்தில் பட்டுப்புடவை வாங்கப் போகிற நாம் அங்கிருந்து அரைமணிப் பிரயாணத்தில் பூநாரையைப் பார்க்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே முதலில் பார்ப்பது, பிறகு எழுதுவது என்று தீர்மானித்தேன். அடுத்த வருஷம் மாசி மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, ஆலோசகியும் அவள் தகப்பனாரும் நானுமாகக் கடற்கரைக்குப் போனோம்.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் கடலோரமாக ஆமை தேடி நடக்கிற வழக்கம் சென்னையில் வெகுநாளாக இருக்கிறது. 1970களில் ராமுலஸ் விட்டேகரும் அவருடைய சகாக்களும் ஆரம்பித்தார்கள். 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதை எடுத்து நடத்தி வருகிறது. தை, மாசி, பங்குனி மாதங்களில்தான் ஆமை முட்டையிடக் கரைக்கு வரும். பங்குனி ஆமை என்றே அதற்கு இங்கே பெயர். காலேஜ் பிள்ளைகள் முன்னால் நடக்கிறார்கள்; பின்னால் நம்மைப் போன்றவர்கள். டார்ச் விளக்கு அடிக்கக் கூடாது. பேசக் கூடாது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏழு கிலோமீட்டர் மணலில் நடப்பது என் வயதுக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பத்து வயதுப் பெண் முன்னால் போகும்போது முழங்கால் வலியைப் பற்றிப் பேசக் கூச்சமாயிருக்கிறது.

இரவு இரண்டு மணிக்கு மேல் முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். ஈர மணலில் ஒரு தடம், சின்ன டிராக்டர் ஏறிப்போன மாதிரி. தடத்தின் முடிவில் ஆமை இருந்தது. பின் துடுப்புக் கால்களை ஒன்று மாற்றி ஒன்றாக அகப்பை போல வளைத்து மண்ணை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தது. அது முகம் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனாலும் தோண்டிய குழி குடம் மாதிரி, வாய் குறுகி அடி அகன்று, ஒழுங்காக அமைந்தது. அதில் முட்டைகள் விழுந்தன. நூறுக்கு மேல் இருக்கும். பிங்-பாங் பந்து போல உருண்டையாக, வெள்ளையாக இருந்தன. பிறகு மண்ணை மூடிற்று. மூடிய மண்ணின்மேல் தன் உடம்பையே தூக்கித் தூக்கிப் போட்டு, திமிசு போடுவதுபோல் இறுக்கிற்று. அப்புறம் கடலைப் பார்க்கத் திரும்பி நடந்தது. தான் பெற்ற முட்டைகளை ஒரு தரம்கூட அது பார்க்கவில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை.

"அழறது, தாத்தா" என்று என் காதில் ஓதினாள் பெண். ஆமையின் கண்ணிலிருந்து நிஜமாகவே நீர் வழிந்துகொண்டிருந்தது. கூட வந்த மாணவர் ஒருவர், கடல் நீரைக் குடிப்பதால் உடம்பில் சேரும் உப்பை வெளியேற்ற ஒரு சுரப்பி இருக்கிறது, அந்த நீர்தான் அது என்று மெல்லிய குரலில் விளக்கினார். பழைய கதாசிரியனாயிருந்தால் அந்தக் கண்ணீரைத் தாய்ப் பாசமாக்கி இரண்டு பக்கம் எழுதியிருப்பான். எனக்கென்னவோ உப்பு என்பதே மேலாகத் தோன்றிற்று. சமுத்திரத்தையே குடித்து ஜீவிக்கிற ஒரு பிராணி, அதன் உப்பைக் கண் வழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறது! இதற்குமேல் என்ன கற்பனை வேண்டும்?

அந்த முட்டைகளை மாணவர்கள் ஜாக்கிரதையாக எடுத்துக்கொண்டுபோய், கடற்கரையிலேயே வேலியிட்ட குஞ்சு பொரிப்பகத்தில் அதே அளவுக் குழி தோண்டிப் புதைத்தார்கள். நாற்பத்தைந்திலிருந்து அறுபது நாட்களுக்குள் குஞ்சு வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு அதிகமானால் பெண்கள் அதிகம். பூமி காய்ந்துகொண்டே போனால் ஆமைக் குலத்தில் மாப்பிள்ளைப் பஞ்சம் வந்துவிடும். வெளியே வந்த குஞ்சு, எந்தத் திசை அதிக வெளிச்சமாக இருக்கிறதோ அந்தத் திசையில் ஓடும். ஆதிகாலத்திலிருந்து இரவில் வெளிச்சமான திசை கடல்தான். நட்சத்திரமும் நிலவும் பட்டு மின்னும் நீர். தாயும் தகப்பனும் வழி சொல்லாத குழந்தைக்கு இயற்கை கொடுத்த ஒரே விலாசம் அது. இப்போது அதைவிட வெளிச்சமாக நம் வீதி விளக்குகளும், சிற்றுண்டிச்சாலைகளும், மாடி வீட்டு முகப்புகளும் இருக்கின்றன. குஞ்சு நம்மை நோக்கி ஓடி வருகிறது. வேலியில்லாத இடத்தில் பொரித்த குஞ்சுகள் தார் ரோட்டுக்குப் போய்ச் சாவது இப்படித்தான்.

கதைக்குச் சாமான் சேர்ந்துவிட்டது. இனி வில்லன் வேண்டும்.

"மீனவர்தான் வில்லன். வலையிலே மாட்டித்தானே ஆமை சாகிறது?" என்றாள் ஆலோசகி. அவள் படித்திருந்த இரண்டு மூன்று படப் புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாளின் பையன் அப்போது கூடையோடு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பையன். அவனுக்கும் பத்துப் பதினொன்றுதான் இருக்கும்.

"எங்கப்பா வலைல ஆமை மாட்டிச்சுன்னா வலய அறுத்து வுட்டுருவாரு. எத்தினி தபா அறுத்துக்கிறாரு தெரியுமா? புது வலைக்கு நீயா துட்டு குடுப்பே?" என்றான்.

பெண் பதில் பேசவில்லை. எனக்கும் சட்டென்று ஒன்றும் சொல்ல வரவில்லை. அவன் கோபமாகப் பேசியதாகக் கூடத் தோன்றவில்லை. கணக்குக் கேட்டான், அவ்வளவுதான். வலையின் விலை, அன்றைய மீன், ஒரு நாள் கூலி. நம் குழந்தைகளின் ஜீவகாருண்யத்துக்கு அவன் வீட்டில் பில் வருகிறது. அந்தப் பில்லைப் பற்றி எந்தப் படப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது.

ஆமைகள் ஏராளமாகச் சாவது முக்கியமாக இழுவை மடி போட்டு மீன் பிடிக்கும் விசைப்படகுகளில். ஆமை கடலில் வாழ்ந்தாலும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். அடியில் வெகுநேரம் இழுபடுகிற மடிக்குள் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகிறது. கரைக்குச் சமீபத்தில் ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மடியிலிருந்து ஆமை தப்பிப் போக வழிவிடும் சாதனமும் இருக்கிறது. ஆனால் அந்த வழியில் மீனும் போய்விடுமே என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். விசைப்படகு ஓட்டுகிறவனும் ராட்சசன் அல்ல. டீசல் கடனும் ஐஸ் கடனும் உள்ளவன். அவன் பிடிக்கிற இறாலை வாங்கித் தின்கிறவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். இத்தனை பேரையும் விட்டுவிட்டு, கையில் வலையோடு கரையில் தென்படுகிறவனுக்கு மீசை வரைந்து வில்லன் என்று எழுதுவது சுலபம். சுலபமாயிருப்பதால்தான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

நம் பழைய கதைகளில் இந்தப் பதவி வேடனுக்கு. புறாவை வலை வீசிப் பிடிப்பவன் அவன். மானைக் கண்ணி வைத்துப் பிடிப்பவன் அவன். ஆனால் செங்கற்பட்டுச் சீமையில் அந்த வேடனுடைய நிஜமான கதை வேறு மாதிரி நடந்திருக்கிறது. பாம்பு பிடிப்பதில் இருளர்களுக்கு இணையில்லை. மண்ணில் இருக்கும் கோட்டைப் பார்த்து, போனது எந்தப் பாம்பு, எப்போது போயிற்று என்று சொல்லுவார்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரிகளுக்காகப் பிடித்துக் கொடுத்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தத் தொழில் போயிற்று. சட்டம் பாம்பைக் காப்பாற்றிற்று. இருளர் அடுப்பு அணைந்தது. விட்டேகர் அதே 1972இல் கிண்டியில் பாம்புப் பண்ணையை அமைத்தவர். இருளர்களிடம் தாமே வித்தை கற்றவர். அவருடைய முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலையும் உயிரோடு பிடித்து வருவார்கள். சில வாரம் வைத்திருந்து விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. நெல் வயலில் கடிபட்டுப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேருடைய உயிர் இவர்கள் கையிலிருந்து வந்தது.

அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவர் 2017இல் அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டார்கள். ஃபுளோரிடா சதுப்புக் காடுகளில் பர்மா மலைப்பாம்பு பெருகி, அந்த ஊர்ப் பிராணிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த எல்லா யந்திரங்களையும் மீறி அது ஒளிந்துகொண்டது. நம்மவர்கள் கையில் ஒரு கடப்பாரையோடு போய், முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 'ஜங்கிள் புக்'கில் ஒரு கீரியின் கதை வருகிறது. அதில் நாகப் பாம்புகள்தாம் துஷ்டர்கள். அந்தக் கதையைப் படிக்காத குழந்தை குறைவு. வடிவேலும் மாசியும் விமானம் ஏறிப்போன கதையைப் படித்த குழந்தை எத்தனை? சாகசக் கதை இல்லை இல்லை என்று பத்திரிகாசிரியர்கள் தேடுகிறார்கள். மகாபலிபுரம் போகிற ரோட்டிலேயே அது கிடக்கிறது.

இந்தக் கதையை இரண்டு குழந்தைகளையும் உட்காரவைத்துச் சொன்னேன். பையன் முடிவில், "ஆமைக்கும் அந்த மாரி ஒரு சங்கம் வெச்சு, வல துட்ட குடுத்தாங்கன்னா, எல்லாருமே அறுத்து வுடுவாங்க" என்றான். சர்க்கார் காரியதரிசிகள் கவனிக்க வேண்டிய யோசனை. பெண் அதைத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

சுற்றுச்சூழல் கருத்து என்று இப்போது குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிற சரக்கில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மரம் நடு, பிளாஸ்டிக்கை ஒழி, பூமியைக் காப்பாற்று என்று பெரியவர்கள் செய்யவேண்டியதையெல்லாம் பத்து வயசுத் தோளில் ஏற்றிவிடுகிறோம். பூமியை ஓட்டையாக்கியவர்கள் நாம். அடைக்க வேண்டியவர்கள் அவர்களாம். கதையில் ஒரு சிறுமி இரண்டு நண்பர்களையும் ஒரு நாயையும் சேர்த்துக்கொண்டு தொழிற்சாலை முதலாளியைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறாள். ஆறு மறுநாளே தெளிந்து ஓடுகிறது. படிக்கிற குழந்தை கூவத்தையும் அடையாற்றையும் பஸ் ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறது. அதற்கு உண்மை தெரியாதா? நாலு கதை இப்படிப் படித்த பிறகு, ஒன்று கதையை நம்பாது. அல்லது, தன்னால்தான் ஆறு தெளியவில்லை என்று மனத்துக்குள் புழுங்கும். இரண்டாவது முதலாவதைவிட மோசம்.

நான் எழுதிய கதையில் வில்லன் இல்லை. ஒரு பங்குனி ஆமை தூரக் கடலிலிருந்து புறப்படுகிறது. பூமியின் காந்த சக்தியைக் கொண்டு கடலாமைகள் வழியறிகின்றன என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தக் கண்ணுக்குத் தெரியாத பாதையில் அது வருகிறது. கூட வந்த சிநேகித ஆமை ஒன்று மடியில் சிக்கிச் சாகிறது. அதை மூன்று வாக்கியத்தில் சொன்னேன், அலங்காரம் செய்யவில்லை. நம் ஆமையும் குப்பத்து மீனவர் ஒருவருடைய வலையில் மாட்டிக்கொள்கிறது. அவர் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கிறார். அன்று ராத்திரி அவர் வீட்டில் வலையைப் பற்றி நடந்த சம்பாஷணையையும் எழுதினேன். அந்த அத்தியாயத்துக்குக் கூடைக்காரப் பையன்தான் ஆலோசகன். ஆமை கரையேறி முட்டையிடுகிறது. குஞ்சுகள் பொரிகிற ராத்திரி கடற்கரை ஓரத்து மாடி வீடு ஒன்றில் முகப்பு விளக்கு எரிகிறது. யாரோ ஒருவர் எழுந்துபோய் அதை அணைக்கிறார். அவ்வளவே சாகசம். அணைத்தவர் குழந்தை அல்ல. ஒரு ரிட்டையர்டு அக்கவுண்டண்ட். இந்த வேலையைப் பெரியவர் ஒருவர் செய்யட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்தேன்.

கடைசியில் ஒரு குஞ்சு அலையில் இறங்குகிறது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று பெரிதாகிப் பிழைத்தால் உண்டு என்று சொல்லுவார்கள். அதையும் மறைக்காமல் எழுதினேன்.

பெண் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "அந்த ஆயிரத்துலே ஒண்ணு இதுதானா?" என்று கேட்டாள்.

"தெரியாது, அம்மா."

"உங்களுக்கே தெரியாதா?"

"அது கடலுக்குள்ளே போயிட்டுதே. எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்ததோ என்னவோ, கதையைப் படிக்க மாட்டேன் என்று சொன்னவள், எடுத்துக்கொண்டுபோய்க் கூடைக்காரப் பையனுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். வலை அறுக்கிற இடத்தில் அவன் ஒரு திருத்தம் சொன்னான். கத்தியை அப்படிப் பிடிக்க மாட்டார்களாம். திருத்திவிட்டேன்.

பத்திரிகாசிரியரும் கதையை ஏற்றுக்கொண்டார். ஆனால் நீதி என்ன என்று அடியில் ஒரு வரி சேர்த்து அனுப்பும்படி கேட்டிருந்தார். ஆமையிடம் நீதி கேட்டுக் கேட்டுத்தான் இரண்டாயிரம் வருஷமாக அதைப் பார்க்காமல் இருந்துவிட்டோம், இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்று பதில் எழுதினேன். பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

கடலுக்குப் போன குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவம் அடையப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். பெண் ஆமை தான் பிறந்த பிரதேசத்துக் கடற்கரையைத் தேடித்தான் வரும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்போது இருபத்தைந்து வயதாகியிருக்கும். கூடைக்காரப் பையன் வலை வீசிக்கொண்டிருந்தாலும் இருப்பான். ஆமை வருகிற ராத்திரி கரையில் மணல் மிச்சம் இருக்க வேண்டும். விளக்குகள் கொஞ்சம் அணைந்திருக்க வேண்டும். அதற்கு வேண்டியதைக் கதை எழுதுகிறவனும் படிக்கிற குழந்தையும் மட்டும் செய்துவிட முடியாது. முகப்பு விளக்கின் சுவிட்சு நம் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது.